பழி குழாய் மேல்: திருகோணமலையில் ஒரு போட்டோமல்டிபிளையர் ஆய்வு

முறைப்பாடு ஒரு காமாக் கதிர் அளக்கும் கருவியைப் பற்றியது; அதன் போட்டோமல்டிபிளையர் குழாய், அதாவது மங்கலான மினுக்கத்தை மின்துடிப்பாக்கிப் பெருக்கும் கண்ணாடிக் குழாய், பழுது என்பதுதான் சந்தேகம். துடிப்புகளை அளவுப்படி எண்ணிட்ட சனல்களில் பிரித்து எண்ணினால், ஒரே சக்தியுள்ள கதிர்கள் ஒரு சனலைச் சுற்றிக் குவிந்து பீக்காக, அதாவது மேடாகத் தெரியும். காலையில் 872-ஆம் சனலில் நிற்கிற பீக், பின்னேரம் ஆகும்போது 814-க்கு இறங்கிவிடுகிறது. அதே பீக், மணல் மாதிரியைக் கருவிக்குக் கிட்டக் கொண்டுபோனால் மேலே ஏறுகிறது. "சேர், பீக் ஓடுது, குழாய் போச்சு" என்று மாணவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். புதுக் குழாய்க்கு விலைமனுக் கேட்கும் கடிதமும் தயாராக இருந்தது. அதை அனுப்புமுன் ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லி, ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான நண்பர் அழைத்தார்.

ஆய்வுகூடம் உவர்மலைப் பக்கம், துறைமுகக் கடலைப் பார்த்த கட்டடத்தில் இருக்கிறது. குளிரூட்டி இல்லை. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று நேராக மேசைக்கு வரும். இந்தக் கதையில் அந்த ஜன்னலுக்கும் பங்கு உண்டு.

அவர்கள் அளந்துகொண்டிருந்தது புல்மோட்டைக் கறுப்பு மணல். திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல் போனால் வருகிற கரை அது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் எல்லாம் அந்த மணலில் உண்டு. கொஞ்சம் மொனசைட்டும் உண்டு. மொனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. தோரியத்தின் சிதைவுத் தொடரில் கடைசிக்குக் கிட்ட வருகிற தாலியம்-208, 583 கிலோ இலத்திரன்வோல்ட்டிலும் (கதிரின் சக்தியை அளக்கும் அலகு) 2615 கிலோ இலத்திரன்வோல்ட்டிலும் காமாக் கதிர்களை விடும். அந்த இரண்டு பீக்குகளின் உயரத்தை வைத்து மாதிரியில் எவ்வளவு தோரியம் என்று சொல்லலாம். உரிய அனுமதியோடு பெற்ற, மொனசைட் செறிந்த மாதிரி ஒன்றும் அங்கே இருந்தது. அதைக் கருவியின் முகத்தோடு ஒட்டி வைத்தால் நொடிக்கு 20,000 துடிப்பு வரை வரும்.

கருவி எல்லோருக்கும் தெரிந்த வகைதான். காமா பட்டால் மினுங்குகிற, தாலியம் கலந்த சோடியம் அயோடைட் பளிங்கு, அதன் பின்னால் பத்து டைனோட்டு (இலத்திரன்களைப் படிப்படியாகப் பெருக்கும் மின்முனைகள்) கொண்ட ஒளிப்பெருக்கிக் குழாய், அதாவது போட்டோமல்டிபிளையர். இந்தப் பளிங்கின் பயனை 1948-இல் ரொபேர்ட் ஹொஃப்ஸ்டாட்டர் காட்டினார். அதற்கு நான்கு வருடம் முன்னரே, 1944-இல், கரனும் பேக்கரும் துத்தநாக சல்பைட்டின் மினுக்கங்களைக் குழாயால் எண்ணிவிட்டார்கள். அதற்கும் முன்பு ரதர்ஃபோர்டின் ஆட்கள் இருட்டறையில் நுணுக்குக்காட்டியில் கண் வைத்து, மினுக்கம் மினுக்கமாக எண்ணியவர்கள். கண் களைத்துப்போகும், வேகமும் போதாது. நொடிக்கு 20,000 என்ற பேச்சே அங்கே எடுக்க முடியாது.

சரி, ஒரு துடிப்புக்குள் என்ன நடக்கிறது? 2615 கிலோ இலத்திரன்வோல்ட் காமா ஒன்று பளிங்குக்குள் முழுதாக அடங்கினால், கிலோ இலத்திரன்வோல்ட்டுக்கு 38 ஒளித்துணிக்கை என்ற கணக்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளித்துணிக்கைகள் வரும். நிறம் நீலம், 415 நானோமீற்றரைச் சுற்றி. பெரும்பகுதி கால் மைக்ரோ நொடியில் வந்து முடிந்துவிடும். அவற்றில் 22,000 அளவு, குழாயின் கதோட்டிலிருந்து (முகப்பில் ஒளி படும் படலம்) இலத்திரன்களைக் கிளப்பும். ஒவ்வொரு டைனோட்டும் தன்மேல் விழும் ஒரு இலத்திரனுக்கு 3.7 அளவு இலத்திரனைத் திருப்பி உதிர்த்தால், பத்துப் படி தாண்டும்போது பெருக்கம் ஐந்து இலட்சத்துக்குக் கிட்ட வரும். முடிவில் அனோட்டில் (இலத்திரன்கள் வந்து சேரும் கடைசி முனை) 1,100 கோடி இலத்திரன்கள், அதாவது 1.8 நானோ கூலோம். கால் மைக்ரோ நொடிக்குள் அது வருவதால் உச்ச மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியர் அளவு. கண்ணுக்குத் தெரியாத மினுக்கம் ஒன்றை, அதன் வேகம் குறையாமல் இந்த அளவுக்குத் தூக்கித் தருவதற்கு இன்றைக்கும் இந்தக் கண்ணாடிக் குழாய்க்குப் போட்டி குறைவு.

ஆனால் பெருக்கம் வோல்ட்டளவின் ஏழு, ஏழரை அடுக்காக ஏறும். வோல்ட்டளவு ஒரு சதவீதம் சரிந்தால் பெருக்கம் ஏழு சதவீதத்துக்கு மேல் சரியும். ஆகவே குழாய் ஒளியைப் பெருக்குகிற அதே நேரத்தில், தனக்குச் சாப்பாடு போடுகிற உயர் அழுத்த (அதாவது உயர் வோல்ட்) வழங்கியின் குறைகளையும் சேர்த்துப் பெருக்கும். குழாயைச் சந்தேகிக்க முதல் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கட்சி.

முதலில் ஒதுக்கியவை

பீக் நகர்ந்தது என்றால், எப்படி நகர்ந்தது என்று கேட்க வேண்டும். 2615 பீக் 872-இலிருந்து 814-க்கு வந்த அதே நேரம், 583 பீக் 194-இலிருந்து 181-க்கு வந்திருந்தது. முதலாவது 58 சனல் நகர்ந்திருக்கிறது, இரண்டாவது 13 சனல். ஆனால் இரண்டிலும் சரிவு 6.7 சதவீதம்தான். துடிப்புகள் எழும் அடிக்கோடோ, துடிப்பின் உயரத்தைச் சனல் எண்ணாக மாற்றும் எண்ணாக்கியின் தொடக்கப் புள்ளியோ நகர்ந்திருந்தால், இரண்டும் ஒரே எண்ணிக்கைச் சனல் நகர்ந்திருக்கும். விகிதம் ஒன்றாக இருப்பதால் மாறியது பெருக்கம். இந்த ஒரு கணக்கு அரை நாள் வேலையை மிச்சம் பிடிக்கும். ஆய்வுகூடங்களில் இதைச் செய்யாமல் நேரே குறட்டைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம்.

மாணவர்கள் வேறொரு சந்தேகத்தையும் முன்வைத்தார்கள். அனோட்டை நேரே ஒஸிலோஸ்கோப்பில் (துடிப்பின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) கொடுத்துப் பார்த்தபோது துடிப்புகள் அகலமாக, நீண்ட வாலோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. "குழாய் மந்தமாகிட்டுது" என்றார் ஒருவர். ஒஸிலோஸ்கோப்பின் உள்ளீடு ஒரு மெகா ஓம். இடையில் ஒரு மீற்றர் கோஆக்சியல் வயர், அதன் கொள்ளளவு 100 பிக்கோ ஃபாரட் அளவு. இரண்டையும் பெருக்கினால் 100 மைக்ரோ நொடி. கால் மைக்ரோ நொடித் துடிப்பை 100 மைக்ரோ நொடி வாலாக இழுத்துவிட்டது அந்த இணைப்பு. நொடிக்கு 20,000 துடிப்பு என்றால் சராசரி இடைவெளி 50 மைக்ரோ நொடி; ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் என்ன செய்யும்? வயரின் முனையில் 50 ஓம் தடையைப் போட்டதும் நேரமாறிலி 5 நானோ நொடிக்கு இறங்கியது. துடிப்புகள் கூராக எழுந்து, பளிங்குக்கு உரிய கால் மைக்ரோ நொடிச் சரிவோடு விழுந்தன. உச்சம் 350 மில்லிவோல்ட், கணக்கோடு ஒத்துப்போனது. குழாயில் மந்தம் எதுவும் இல்லை.

அடுத்தது வெப்பநிலை. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அறை சூடாகும்போது பளிங்கின் ஒளியும் குறையும், குழாயின் பெருக்கமும் குறையும். இரண்டும் சேர்ந்து ஒரு பாகைக்கு அரை சதவீதத்தைச் சுற்றி வரும். பின்னேரம் பீக் இறங்குகிறது, பின்னேரம் அறையும் சூடு. பொருத்தமான சந்தேகம்.

இங்கேதான் திருகோணமலையின் காற்று உதவிக்கு வந்தது. கச்சான் காலம் அது. மேற்கிலிருந்து வருகிற கச்சான் அடிக்கிற நாளில் அறை கொதிக்கும், ஆனால் காற்று காய்ந்துபோய் இருக்கும். அப்படியான நாட்களில் வெப்பநிலை காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் நான்கு பாகை ஏறியும், பீக் இரண்டு சதவீதம்தான் இறங்கியது. கச்சான் தளர்ந்து கடல்காற்று உள்ளே வந்த நாட்களில் அறை அவ்வளவு சூடாகவே இல்லை. பீக் ஏழு சதவீதம் இறங்கியது. ஆய்வுகூடக் குறிப்புப் புத்தகத்தில் யாரோ ஒரு மாணவி "ஜன்னல் திறந்தது" என்று நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். அந்தப் பிள்ளையின் கையெழுத்துத்தான் இந்த ஆய்வில் முதல் நல்ல தடயம். குற்றவாளி சூடாக இருந்தால் கச்சான் நாளில்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். ஈரம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

வோல்ட்டளவைப் பார்ப்பது

மேசையில் உள்ள வழங்கியின் மீற்றர் காலையிலும் பின்னேரத்திலும் 990 வோல்ட் என்றே காட்டியது. இதனால்தான் எல்லோரும் வழங்கியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் வழங்கிக்கும் குழாய்க்கும் இடையில் இரைச்சலை வடிகட்ட ஒரு மெகா ஓம் தடை ஒன்று இருந்தது. மீற்றர் பார்ப்பது அந்தத் தடைக்கு முன்னால் உள்ள அழுத்தத்தை. குழாய் பார்ப்பது தடைக்குப் பின்னால் உள்ளதை. குழாயின் அடித்தளத்தில், டைனோட்டுகளுக்கு வோல்ட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் சங்கிலியாக 910 கிலோ ஓம் தடைகள் பதினொன்று வரிசையாக, மொத்தம் பத்து மெகா ஓம். ஆகவே 990-இல் 900 குழாய்க்கு, 90 வடிகட்டித் தடையில் போகும்.

சரி, குழாயடியில் அளந்து பார்ப்போம் என்று ஒரு மாணவர் சாதாரண மல்டிமீற்றரை எடுத்தார். 825 வோல்ட் காட்டியது. பீக் பாதிக்கு விழுந்தது. மல்டிமீற்றரின் உள்தடையும் பத்து மெகா ஓம்; அதை வைத்தவுடன் சுற்றில் இன்னொரு குழாயடியைத் தொங்கவிட்ட கணக்கு. பெரிய தடைகள் உள்ள சுற்றில் அளக்கிற கருவியே சுற்றை மாற்றிவிடும். இதற்கு ஒரு கிகா ஓம் உள்தடை கொண்ட உயர் அழுத்தப் புறோப் வேண்டும். அதை இரவல் வாங்கி அளந்தபோது, காலையில் 899 வோல்ட், கடல்காற்று வந்த பின்னேரம் 891. எட்டு வோல்ட்.

எட்டு வோல்ட்தானே என்று தோன்றும். 0.9 சதவீதம் அது; ஏழரை அடுக்குக்கு ஏற்றினால் பெருக்கத்தில் 6.6 சதவீதம். பீக் இறங்கிய அளவு கிட்டத்தட்ட முழுவதும் அந்த எட்டு வோல்ட்டுக்குள் இருந்தது. எட்டு வோல்ட் விழ என்ன தேவை? வடிகட்டித் தடைக்குப் பின்னால், உயர் அழுத்த முனையிலிருந்து தரைக்கு 100 மெகா ஓம் அளவில் ஒரு கசிவு இருந்தால் போதும். மேசை மீற்றர் அதை ஒருபோதும் காட்டாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பிடித்தது. கசிவு, அடுத்தடுத்த இரண்டு டைனோட்டு முள்களுக்கு (குழாயின் அடியில் உள்ள இணைப்பு ஊசிகள்) இடையில் இருந்திருந்தால் பெருக்கம் இவ்வளவு குறைந்திராது. ஒரு படி இழக்கிற வோல்ட்டை மற்றப் படிகள் பங்கிட்டு எடுத்துக்கொள்ளும். படிகள் சமமாக இருக்கும் நிலையைச் சுற்றி அந்த லாபமும் நட்டமும் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஆகவே தேட வேண்டியது முழு உயர் அழுத்தத்தையும் தரைக்கு இழுக்கிற இடத்தை. இந்தச் சுற்றில் உயர் அழுத்தம் கதோட்டுக்குப் போவதால், அது கதோட்டு முள்ளும் அதைச் சுற்றியுள்ள உலோக உறையும்.

கசிவு என்று உறுதிசெய்ய இன்னொரு சோதனையும் செய்தோம். உயர் அழுத்தத்தை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, குழாயைப் பளிங்கிலிருந்து கழற்றி, முகத்தைக் கறுப்பு மூடியால் அடைத்தோம். பளிங்கோடு வைத்து அளந்தால் அறைச்சுவரிலிருந்து வருகிற இயற்கைக் கதிர்களின் மினுக்கமே பத்துக்கணக்கான நானோ ஆம்பியரைத் தந்து எல்லாவற்றையும் மூடிவிடும். உயர் அழுத்தம் இருக்கும்போது அறை வெளிச்சம் பட்டால் குழாய்க்கு ஆபத்து. இல்லாதபோது பட்டாலும் பிறகு மணிக்கணக்கில் இருள் மின்னோட்டம் (ஒளியே படாதபோதும் குழாயில் ஓடுகிற மின்னோட்டம்) கூடியே இருக்கும். பின்னேர ஈரத்தில் 900 வோல்ட்டில் இருள் மின்னோட்டம் 12 நானோ ஆம்பியர். 300 வோல்ட்டுக்கு இறக்கியபோது 4.

கதோட்டிலிருந்து சூட்டினால் கிளம்புகிற இலத்திரன்கள்தான் காரணம் என்றால், அவையும் டைனோட்டுகளால் பெருக்கப்பட்டு வர வேண்டும். வோல்ட்டளவு மூன்றில் ஒன்றாகும்போது பெருக்கம் ஏறத்தாழ 3,800-இல் ஒரு பங்காகிவிடும், ஆகவே மின்னோட்டமும் அப்படியே விழ வேண்டும். இது வெறும் மூன்றில் ஒன்றாகத்தான் விழுந்தது. ஓமின் விதிப்படி நடக்கிற ஒரு மின்னோட்டம் அது. கண்ணாடிக்கு உள்ளே இருந்து வரவில்லை, வெளியே எங்கேயோ மேற்பரப்பில் ஓடுகிறது. குழாயைப் பற்றி முறைப்பாடு வந்தால் நான் முதலில் போடச் சொல்வது இந்த வரைபடத்தைத்தான்: வோல்ட்டளவுக்கு எதிராக இருள் மின்னோட்டம். கீழ்ப்பகுதி நேர்கோடாக இருந்தால் கசிவு, நடுவில் பெருக்கத்தோடு சேர்ந்து ஏறினால் கதோட்டின் சூடு, மேலே திடீரென்று கிளம்பினால் குழாயை அளவுக்கு மீறி ஓட்டுகிறீர்கள்.

அடித்தளத்தைத் திறந்து பார்த்தபோது அதிசயம் ஒன்றும் இல்லை. பேக்கலைட் சொக்கெட், அதைச் சுற்றிச் சோல்டர் பசையின் பழைய மிச்சம், அதன்மேல் கடல்காற்றுக் கொண்டுவந்து படிய வைத்த உப்பு. காய்ந்த உப்பு மின்னைக் கடத்தாது. காற்றில் ஈரம் ஏறியதும் அது நீரை உறிஞ்சி மெல்லிய கடத்தும் படலமாகிவிடும். கச்சானில் காய்ந்து, கடல்காற்றில் நனைந்து, ஒவ்வொரு நாளும் இதுதான் நடந்திருக்கிறது.

மேலே ஏறிய பீக்

மாதிரியைக் கிட்ட வைத்தால் பீக் மூன்று சதவீதம் மேலே போவது வேறு கதை. இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால், ஈரமான பின்னேரத்தில் மாதிரியை ஒட்டி வைத்து அளந்தவர்களுக்குப் பீக் 838-இல் நின்றது. காய்ந்த காலையில் தள்ளி வைத்தவர்களுக்கு 872-இல். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி வருது" என்ற குழப்பம் இதிலிருந்துதான்.

மாதிரி கிட்ட இருக்கும்போது சராசரி அனோட்டு மின்னோட்டத்தை அளந்தோம். 4 மைக்ரோ ஆம்பியர். அடித்தளத் தடைகளின் வழியே ஓடுவது 90 மைக்ரோ ஆம்பியர்தான். அனோட்டுக்குப் போகிற இலத்திரன்களைக் கடைசி டைனோட்டுகள் கொடுக்க வேண்டும். அந்த மின்னோட்டம் தடைச் சங்கிலியிலிருந்துதான் வர வேண்டும். கடைசி டைனோட்டுக்கும் அனோட்டுக்கும் இடையிலான வோல்ட்டளவு நாலரை சதவீதம் குறைகிறது. அந்த இடைவெளியில் பெருக்கம் எதுவும் நடப்பதில்லை, ஆகவே அங்கே நட்டம் இல்லை. குறைந்த வோல்ட் மற்றப் பத்துப் படிகளுக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே பெருக்கம் கூடுகிறது. கூட்டிப் பார்த்தால் மூன்று சதவீதம் வரும், பீக்கும் அவ்வளவுதான் ஏறியிருந்தது. மின்னோட்டத்தை இன்னும் கூட்டினால் ஒரு கட்டத்துக்குப் பிறகு பெருக்கம் விழத் தொடங்கும்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு தனித்துடிப்பின் உச்ச மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியர், அதாவது சங்கிலியின் மின்னோட்டத்தைப்போல் எண்பது மடங்குக்குக் கிட்ட. அது ஏன் எல்லாவற்றையும் கவிழ்க்கவில்லை? கடைசி டைனோட்டுகளுக்குக் குறுக்கே 10 நானோ ஃபாரட் கொள்ளளவிகள் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புகள்) இருந்தன. துடிப்பு எடுக்கிற 1.8 நானோ கூலோமை அவை கொடுத்துவிடும். அவற்றின் வோல்ட்டளவு 0.2 வோல்ட்கூடக் குறையாது. துடிப்புக்குத் துடிப்பு வருகிற செலவைக் கொள்ளளவி பார்த்துக்கொள்ளும், நாள் முழுக்க வருகிற சராசரிச் செலவைத் தடைச் சங்கிலிதான் பார்க்க வேண்டும். கொள்ளளவியைப் பெரிதாக்கி இரண்டாவதைத் தீர்க்க முடியாது.

செய்த திருத்தம்

சொக்கெட்டை மாற்றினோம், பேக்கலைட்டுக்குப் பதில் டெஃப்லோன். தகட்டையும் முள்களையும் காய்ச்சி வடித்த நீரால் முதலில் கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, மெல்லிய சூட்டில் உலர்த்தினோம். உப்பு அல்ககோலில் சரியாகக் கரையாது. நீர் இல்லாமல் அல்ககோலால் மட்டும் துடைத்தால் பசை போகும், உப்பு நிற்கும். பிறகு சிலிக்கோன் பூச்சு, உறைக்கு இறப்பர் வளையம், உள்ளே ஒரு பொதி சிலிக்கா ஜெல்.

வடிகட்டித் தடையை ஒரு மெகா ஓமிலிருந்து 100 கிலோ ஓமுக்குக் குறைத்து, அதன் கொள்ளளவியைப் பத்து மடங்காக்கினோம். வடிகட்டும் நேரம் அதேதான். ஆனால் இனி அதே 100 மெகா ஓம் கசிவு வந்தாலும் பெருக்கம் முக்கால் சதவீதம்தான் குறையும். மாரிக்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினேன். வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் ஈரம் பின்னேரத்தோடு நிற்காது, சிலிக்கா ஜெல்லும் சில கிழமைக்குள் நிறம் மாறிவிடும்.

தடைச் சங்கிலியைப் பற்றி இரண்டு வழி இருந்தது. தடைகளை 330 கிலோ ஓமாக்கி மின்னோட்டத்தை 250 மைக்ரோ ஆம்பியருக்கு ஏற்றலாம். நண்பருக்கு அதில்தான் விருப்பம். எனக்கு இல்லை: மூடிய உறைக்குள் கூடுதல் சூடு, அந்தச் சூடு குழாய்க்குப் பக்கத்திலேயே. அதைவிடக் குழாயின் வோல்ட்டளவை 900-இலிருந்து 750-க்கு இறக்கினால் பெருக்கம் கால்வாசியாகும், அனோட்டு மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியராகும். இழந்த நான்கு மடங்கை அடுத்துள்ள சாதாரணப் பெருக்கி எடுத்துத் தரட்டும். 22,000 ஒளியிலத்திரன்களோடு வருகிற துடிப்புக்கு இந்த அளவு பெருக்கம் தாராளம். ஒற்றை ஒளித்துணிக்கையைத் தேடுகிற வேலையில்தான் குழாயை உச்சத்தில் ஓட்ட வேண்டும். இந்த வழியைத்தான் எடுத்தோம். மாதிரியை ஒட்டி வைத்தாலும் பீக் இப்போது ஒரு சதவீதத்துக்குள் நிற்கிறது.

தீராத ஒன்று இருக்கிறது. இந்தச் சுற்றில் கதோட்டுக்கு எதிர் உயர் அழுத்தம், அனோட்டு தரையில். பளிங்கின் அலுமினிய உறையோ தரையோடு இணைந்தது. குழாயின் கண்ணாடி முகத்துக்கும் தரைக்கும் இடையில் முழு அழுத்தமும் நிற்பதால், கண்ணாடி தானாக மினுங்கி இரைச்சல் தரக்கூடும். இந்த வகைக் கருவிக்குக் கதோட்டைத் தரையாக்கி அனோட்டுக்கு நேர் அழுத்தம் கொடுப்பதே என் தெரிவு. அதற்கு அனோட்டிலிருந்து கொள்ளளவி வழியாகத்தான் துடிப்பை எடுக்க வேண்டும், முழுச் சுற்றையும் மாற்ற வேண்டும். 750 வோல்ட்டில் இரைச்சல் தொல்லை தெரியாததால் இப்போதைக்கு விட்டுவைத்தோம்.

வெப்பநிலை நகர்வும் அப்படியே இருக்கிறது, பாகைக்கு அரை சதவீதம். அதற்குக் கருவியைத் தொடத் தேவையில்லை. கறுப்பு மணல் மாதிரி எதை வைத்தாலும் 2615 பீக் அதற்குள்ளேயே இருக்கிறது. அதைவிடக் கூடிய சக்தியில் குறுக்கிட வேறு பீக் இல்லை. ஒவ்வொரு அளவீட்டிலும் அதை முதலில் பிடித்து, மற்றச் சனல்களை அந்த விகிதத்தால் திருத்துகிற சிறு நிரல் ஒன்றை, ஜன்னல் நேரத்தைக் குறித்து வைத்த அதே மாணவி எழுதிக்கொண்டிருக்கிறார். குழாய்க்கான விலைமனுக் கடிதம் போகவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்குச் சொந்தமாக உயர் அழுத்தப் புறோப் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன்.